தலையில் கிழங்குக் கூடை, எதிரே சிப்பாய்

இன்னைக்கு மீன் படகு வந்து நிக்கிற லுமுட் ஜெட்டிக்கு மரவள்ளிக்கிழங்கு தூக்கிட்டுப் போனேன், மீனுக்கு மாத்தலாம்னு.

வாசல்ல ஜப்பான் சிப்பாய். குனிஞ்சு வணக்கம் வைக்காட்டி அறைதான். குனிஞ்சா தலையில இருக்கிற கூடை கவுந்திரும். சித்தியவான்ல இருந்து நடந்து வந்தவளுக்கு இது அங்க நின்னப்புறம்தான் உறைச்சுது!

அவன் முறைச்சுக்கிட்டே கிட்ட வாரான்.

பின்னால வந்த மலாய்க்கார மீன்காரக்கா சட்டுனு என் கூடையை இறக்கி, "குனிம்மா"ன்னு மலாய்ல சொன்னாங்க. கூடையை அணைச்சபடியே அவுங்களும் குனிஞ்சாங்க. சிப்பாய் விட்டுட்டான்.

கிழங்குக்கு மூணு மீன் கொடுத்ததும் அவுங்கதான். நல்லா இருக்கணும்லா அந்த அக்கா.

திரும்பும்போது கூடையை முதல்லயே கீழ வச்சிட்டுக் குனிஞ்சேன். நிமிர்ந்தா, ஒரு மீனைக் கவ்விக்கிட்டுப் பூனை ஓடுது. அது யாருக்கும் குனியல.

அடுத்த வாரம் கூடையைப் பிடிச்சுக்க என்கூட யாரு வாரீங்க?