தோய்க்காத பெனியன்

நாங்கள் இப்போது இருக்கும் வெஸ்ட்கேட் வீட்டில் மகளின் ஐஸ் ஹாக்கிப் பையைத் திறந்ததும், புளித்த வியர்வை நாற்றம் என்னைச் சிறுவயதுக் கனடாவுக்கு இழுத்துப்போனது.

எங்கள் சிற்றூரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியில் ஆட வெளியூரிலிருந்து வந்த ரயன் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். அணி வென்றுகொண்டிருக்கும்வரை, அதிர்ஷ்டம் கழுவுப்பட்டுவிடும் என்று பெனியனைத் தோய்க்கவே விடமாட்டான். கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணியை வேறு ஊருக்கு விற்றுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று காலை, நாற்றம் பொறுக்காமல் அம்மா அதைத் தோய்த்துவிட்டார்.

"இட்ஸ் ஓகே" என்றான் ரயன். முகம் வெளுத்திருந்தது. ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போனான். அரங்கில் அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தார். ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அணி போனது, ரயனும் போனான்.

மகளின் பெனியனை மெஷினில் போடப்போனேன். மணிக்கட்டில் அதே நகங்கள் பதிந்தன.

"வை பிள்ளை அதை," என்றார் அம்மா. "நாளைக்கு ஃபைனல் எல்லோ?"