கேப்டன் பேசுகிறேன்

கண்ணாடிக்குப் பின்னால் நின்று சாமான் விற்பவனுக்கு முகம் முக்கியமில்லை, குரல்தான் முக்கியம். பள்ளிக்கூடம் விட்டதும் யாரோ ஒரு அங்கிளின் கடையில் மாட்டிக்கொண்ட சக கைதிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எல்லாக் குரலும் வரும். எங்கள் பிரின்சிபால், கோவில் அர்ச்சகர், ஏர்லைன்ஸ் ஃபோனில் காத்திருக்கச் சொல்லும் பெண், கோபத்தில் எங்கம்மா, விருந்தாளி முன்னால் எங்கம்மா. ஒருநாள் ராணுவக் கேப்டன் குரலில் ஒரு ஃபோன் போட்டேன். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய கதை. சொல்கிறேன், இப்போது இல்லை. முதலில் தையல், அப்புறம் கண்ணாடி, அப்புறம்தான் கேப்டன். வரிசையில் நில்லுங்கள்.

தையல்

கடை சென்னியப்பன் அங்கிளுடையது. ஈரோட்டுக்காரர், அப்பாவின் காலேஜ் சிநேகிதர். வீடு அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்கிற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே. கடை மட்டும் அரை மணி நேரம் தள்ளி, நம்மவர்கள் கார் ஜன்னலை ஏற்றி, கதவு லாக்கை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு கடக்கிற ஒரு ஊரில். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரி, ஃபோன் கார்டு.

போன குளிர்காலத்தில் குல்லாயை முகம் வரை இழுத்துவிட்ட ஒருத்தன் வந்தான். அங்கிள் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இருந்தும் போகிற போக்கில் துப்பாக்கியின் பிடியால் நெற்றியில் ஒரு அடி. பால் வாங்க வந்த டெரன்ஸ்தான் அவரைத் தரையில் பார்த்தான். அந்தத் தெருக் கறுப்பினப் பையன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், நல்ல உயரம், எப்போதும் அதே நீல ஜாக்கெட். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துவிட்டு, பேப்பர் டவலை நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முதலில் போலீஸ் வந்தது. வந்ததும் டெரன்ஸைத்தான் சுவரோடு சேர்த்து நிறுத்தியது. கண்ணில் ரத்தம் வழிய அங்கிள், "இவனில்லை, இவனில்லை" என்று இங்கிலீஷில் கத்தியிருக்கிறார். விட்டார்கள்.

தையல் போட்டு வந்த பிறகுதான் அங்கிள் அவன் பெயரைக் கேட்டார். அவனும் இவர் பெயரைக் கேட்டான். நான் கூப்பிடுவதை வைத்து அவனாகவே ஒன்று முடிவு செய்துகொண்டான். (அவன் பேசியது இங்கிலீஷில்தான், நான்தான் தமிழில் போடுகிறேன்.) "நல்ல பேப்பர் டவலா வாங்கி வைங்க, மிஸ்டர் அங்கிள். இது ரத்தத்துக்கு ஆகாது."

கேரண்டி

அப்புறம் கண்ணாடி வந்தது. கவுண்ட்டரிலிருந்து கூரை வரை, கை கனத்துக்கு. அடியில் சாமான் போய்வரச் சுழலும் தட்டு. வாசல் கதவுக்கும் பூட்டு. கதவு முழுக்க லாட்டரி போஸ்டர், ஆள் தெரியாது. வெளியே மணி அடித்துப் பேச வேண்டும், உள்ளே ஸ்பீக்கரில் கேட்டுத் தெரிந்த குரலாக இருந்தால் அங்கிள் பட்டனை அழுத்துவார், கதவு திறக்கும். இந்த ஏற்பாட்டை எனக்காகவே யாரோ யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. ஃபயர் இன்ஸ்பெக்டராக வந்தேன். தமிழ்ச் சங்கச் செயலாளராக வந்தேன். ஒருநாள், "ஏனுங்க, ரசம் கொண்டாந்திருக்கேன், கை சுடுது, கதவத் தொறங்க" என்று அங்கிளின் மனைவி சரசு ஆன்ட்டியாகவே வந்தேன். அங்கிள் பட்டனை அழுத்திவிட்டார். ஆன்ட்டி அவர் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி மாட்டிய ஆள் இன்னொரு நாள் வந்தபோது அங்கிள் அவனிடம், "இத்தனை பண்ணியும் இந்தப் பையன் என்னை ஏமாத்தறானே" என்று முறையிட்டார். அவன் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினான். "குண்டுக்கு மட்டும்தான் சார் கேரண்டி."

ஃப்ளாக் மார்ச்

கடைக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு பே ஃபோன். வசந்தத்தில் அதன் அடியில் இரண்டு பையன்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். ஒருத்தன் டெரன்ஸின் சித்தி மகன். அங்கே மெழுகுவர்த்தி, பலூன், பொம்மைக் கரடி எல்லாம் வைத்தார்கள். மழையில் கரடி ஊறிப் போயிற்று, யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ரேடியோவில் எந்நேரமும் அதே சண்டை: போலீஸால் முடியாது, ராணுவத்தைத் தெருவில் இறக்கு என்று ஒரு கட்சி. சொந்த ஜனங்கள் மேல் ராணுவமா என்று இன்னொரு கட்சி. ஊர்க் கவுன்சிலும் ஒரு கூட்டம் போட்டு, கடைக்காரர்களைப் பேசக் கூப்பிட்டது. அங்கிள் பேசுவதாக இருந்தார். ராணுவம் வந்தால் கடை நடக்கும், வராவிட்டால் விற்றுவிட்டு டெக்சாஸில், பிளானோவில் இருக்கும் அங்கிளின் தம்பி வீட்டுக்குக் கிளம்புவது என்று ஆன்ட்டி முடிவே செய்திருந்தார்.

தினமும் கடையில் ஒத்திகை. "நம்மூர்ல கலவரம்னா மிலிட்டரி ஒரு ஃப்ளாக் மார்ச் போனாப் போதும். ஒரு நாய்கூடக் குலைக்காது."

தபால்காரர் ஒரு சோடாவோடு நின்று கேட்பார். வளைகுடாப் போருக்குப் போய் வந்தவர். "எனக்கு அங்க சொல்லிக் கொடுத்தது எதிரியைச் சுட. பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லித் தரலையே, சார்" என்றார். அங்கிள் அதைக் காதில் வாங்கவில்லை. ஆன்ட்டி தக்காளி டப்பாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அந்த ஃப்ளாக் மார்ச்சுல பால் வாங்கப் போன உங்க தம்பியத்தானே நடு ரோட்ல முட்டி போட வெச்சாங்க?"

யார் சொல்லுவாங்க

டெரன்ஸ் எந்தக் கட்சி என்று கேட்டேன். ராணுவம் வந்திருந்தால் சித்தி மகன் உயிரோடு இருந்திருப்பான் என்று சில நாள் தோன்றும் என்றான். தட்டில் பாலைச் சுழற்றிவிட்ட அங்கிள், "பாத்தியா" என்று என்னைப் பார்த்தார். டெரன்ஸ் பாலை எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஆனா சோல்ஜர் வந்தா, நான் யாருன்னு அவங்களுக்கு யார் சொல்லுவாங்க, மிஸ்டர் அங்கிள்?"

அங்கிள் கண்ணாடி மேல் கையை வைத்தார். "நான் இருக்கேன்ல."

கேப்டன்

சரி, உங்கள் முறை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். டெரன்ஸிடம், "அங்கிள் சல்யூட் அடிக்கறதப் பாக்கறியா?" என்று கேட்டு, எதிர்ப் பக்கப் பே ஃபோனுக்குக் கூட்டிப் போனேன். கடை ஃபோன் ஜன்னலோரம் இருக்கிறது. கம்பி வழியாக அங்கிள் நன்றாகத் தெரிவார். ரிசீவரை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தேன். தொண்டையைச் செருமி, டெக்சாஸ் இழுவையைச் சேர்த்து, கேப்டன் பேசுகிறேன், உங்கள் ஊருக்கு ராணுவம் வருகிறது, முதல் காவல் சாவடி உங்கள் கடை வாசலில்தான் என்றேன்.

அங்கிள் எழுந்து நின்றார். நிஜமாகவே விறைப்பாக நின்றார். "யெஸ் சார். ஏழு பேருக்கும் காபி நான் தர்றேன் சார்." நான் ஏழு பேர் என்று சொல்லவே இல்லை. டெரன்ஸ் ஃபோன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். அவன் சித்தி மகன் செத்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதனால் நான் நிறுத்தவில்லை.

"முதலில் யாரை விசாரிக்கணும், சார்? உங்களை அடிச்சது யார்?"

"மூஞ்சிய மூடியிருந்தான் சார். தெரியாது."

"ஒரு பேர் வேணும், சார். பேர் இல்லாம நாங்க வர முடியாது."

அங்கிள் ஜன்னலோரம் நின்று யோசித்தார். வருஷக்கணக்காகக் கடை வைத்திருக்கிற அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

"டெரன்ஸ்" என்றார். "உயரமான பையன். நீல ஜாக்கெட். தினமும் வருவான்."

டெரன்ஸ் ரிசீவரிலிருந்து காதை எடுத்தான். கரடியைத் தாண்டி ரோட்டைக் கடந்து போய் மணியை அடித்தான். ஃபோன் வழியாகவே எனக்கு அது கேட்டது. அங்கிள் ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்து, வாயைக் கையால் மூடி, ரகசியமாக, "சார், அவன் இப்ப என்ற கடை வாசல்லயே நிக்கறான் சார்" என்றார்.

எனக்குக் கேப்டன் குரல் வரவில்லை. வேறு எந்தக் குரலும் வரவில்லை. ஸ்பீக்கரில் டெரன்ஸின் குரல் மட்டும், தினமும் பால் கேட்கிற அதே குரல்: "கேப்டன்கிட்ட சொல்லிடுங்க, மிஸ்டர் அங்கிள். நான் வந்துட்டேன்."

அங்கிளின் விரல் பட்டனுக்குப் போய், அதைத் தொடாமல் நின்றது. மெதுவாகத் திரும்பி ஜன்னல் கம்பி வழியாக எதிர்ப் பக்கம் பார்த்தார். ரிசீவரும் கையுமாக நான் நின்றேன். பிறகு ஃபோனில், தமிழில் கேட்டார்:

"கார்த்தி. அவன் உன் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தானா?"

குண்டுக்கு மட்டும்தான் கேரண்டி என்று அந்தக் கண்ணாடிக்காரன் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனான்.