பரீதா அக்கா வீட்டு சோபாவில் ஒரு வட்டம்

காலையிலிருந்து மூன்று முறை போனைக் கையில் எடுத்து, மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன். நடுவில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதையும் துடைக்கவில்லை. எல்லாம் நஸ்ரீன் கேட்ட ஒரு கேள்வியால் வந்த வினை.

கூத்தாநல்லூரில் என் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் அவள். அவளுடைய உம்மா பரீதா அக்கா போன மாதம் இறந்துபோனார். வீட்டை விற்கிறார்கள். நஸ்ரீன் சென்னைக்கு எடுத்துப்போவது அங்கிருக்கும் பழைய சோபாவை மட்டும்தான். "சித்தி, சோபா பூரா எண்ணெய்ப் பிசுக்கு, கழுவணும். ஆனா அத்தா தலை வச்ச எடத்துல வட்டமா ஒரு கறை இருக்குல்ல? அது மட்டும் போகக் கூடாது. அத விட்டுட்டு மத்தத எப்படிக் கழுவுறது?"

என்னிடம் ஏன் கேட்கிறாள் என்றால், எண்ணெய்க் கறை எடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். நானே பரப்பிய பெயர்தான். முதலில் அரிசி மாவைத் தூவி ஊறவிட வேண்டும். பிறகு தட்டிவிட்டு, சோப்பு நுரையை மட்டும் தடவ வேண்டும். தண்ணீரை மொண்டு ஊற்றவே கூடாது. இந்த ஞானமெல்லாம் அதே சோபாவில் பட்டுத் தெரிந்துகொண்டது என்று அவளுக்குத் தெரியாது.

பல வருஷத்துக்கு முன், என்னைப் பெண் பார்க்க வலங்கைமானிலிருந்து வருவதாக இருந்தார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாற்காலிகளெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. பரீதா அக்கா வீட்டிலோ புது சோபா. உயரமான சாய்மானம், சந்தன நிறத் துணி, அதன்மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை. அக்காவின் கணவர், நஸ்ரீனின் அத்தா, சிங்கப்பூரில் இருந்தார். சம்பாதிக்கக் கடல் கடந்து போகும் சபுராளி வீடுகளில் புதுச் சாமானெல்லாம் அவர் வருகிற நாளுக்குத்தான் காத்திருக்கும்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. உறைய மட்டும் பிரிச்சிடாதீங்க. நஸ்ரீன் அத்தா வந்துதான் பிரிக்கணும்" என்றார் அக்கா.

அம்மா பிரித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு முதுகு வேர்த்து, எந்திரிக்கையில பிளாஸ்டிக்கு சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்?"

பெண் பார்க்க வருகிறவன் தலையில் எண்ணெய் மின்னினால் அடக்கமான பிள்ளை என்று அர்த்தம். அந்த ஆள் ரொம்ப அடக்கம். மூன்று பஜ்ஜி தின்று, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "லெட்டர் போடுறோம்" என்று கிளம்பினார்கள். லெட்டர் வரவில்லை. அவன் முகமே எனக்கு மறந்துவிட்டது. கரிசலாங்கண்ணித் தைல வாசனை மட்டும் மறக்கவில்லை.

சாய்மானத்தில் சாசர் அளவுக்கு ஒரு வட்டம். நான் முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அம்மாவோ, "தலை எண்ணெயத்தானே எடுக்கணும்? சீயக்காயக் கொண்டா" என்றாள். தேய்த்தோம். சந்தன நிறத் துணி காவி நிறமானது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காவியைப் போக்கினால், எண்ணெய் அப்படியே இருந்தது. கடைசியில் அம்மா சாமி அலமாரியிலிருந்து திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தாள். பாய் வீட்டு சோபாவாயிற்றே என்று ஒரு நிமிஷம் தயங்கி, "எண்ணெய்க்கு என்ன தெரியும் எந்தச் சாமின்னு" என்று அள்ளி அப்பினாள்.

விருந்தாளிகள் இன்னும் போகவில்லை என்று பொய் சொல்லி, இரண்டு நாள் காயவைத்து, உறையை மாட்டித் திருப்பிக் கொடுத்தோம். அக்கா சோபாவைப் பார்க்கக்கூட இல்லை. "ஒனக்கு நல்ல எடமா அமையணும்னு துஆ செஞ்சேன்டி" என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உறையின் ஓரத்தை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எண்ணெய்க் கறைக்கு ஒரு குணம். போனது போலக் காட்டும். வெயில் ஏறினால் மெல்ல மேலே வரும். மறு வருஷம் அக்காவின் கணவர் வந்தார், உறையைப் பிரித்தார், ஒரு மாதம் அதே மூலையில் உட்கார்ந்தார். திரும்பிப் போனவர் சிங்கப்பூரிலேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்துவிட்ட நான் துக்கம் கேட்கப் போனேன். சாய்மானத்தின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அக்கா அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு, அவங்க தலை வச்ச எடம்."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன். அந்த வட்டத்தில் அவர் தலையும் பட்டிருக்கலாம், இல்லையென்று யார் சொன்னது? இப்படித்தான் இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நஸ்ரீனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டாமா?

நாலாம் முறை போனை எடுத்துக் கூப்பிட்டேவிட்டேன்.

"நஸ்ரீன், ஒனக்கு அத்தாவ ஞாபகம் இருக்கா?"

"இல்ல சித்தி. அப்ப எனக்கு ரெண்டு வயசு. அத்தாங்கிறதே எனக்கு அந்த வட்டந்தான்."

"நீ அதுல தண்ணி பட விடாதம்மா. நானே வந்து கழுவித் தர்றேன்" என்றேன்.

பையில் அரிசி மாவும் பழைய பிரஷும் வைத்தாயிற்று. கறையைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள ஒரு சாக்பீஸ் வேண்டும். மன்னார்குடி பஸ் ஏறுமுன் வாங்கிக்கொள்ளலாம். அம்மா போய்விட்டாள். அக்காவும் போய்விட்டார். இனி அந்த வீடும் இருக்காது. அது யார் தலை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். இனிமேல் எனக்கும் தெரியாது.