சத்தத்தை அணைத்து விளையாடியவர்

செம்மண்டலம் டீக்கடையில் தினமும் அந்த ஆம்புலன்ஸ் டிரைவரைப் பார்ப்பேன். புருவத்தில் தையல் தழும்பு, கையில் போன். அதில் ஒரே தொகுப்பாகப் பத்துக் குட்டித் திகில் கேம்கள். கோடாலி மண்டையைப் பிளக்கும், திரையெல்லாம் ரத்தம். சத்தத்தை மட்டும் அணைத்துவிடுவார்.

“அப்படி என்னண்ணே இருக்கு இதுல?”

“ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு செஞ்சது தம்பி. வெட்டு எங்கருந்து விழும்னே தெரியாது, அதான் புடிக்குது. அலறல்தான் வேணாம். வண்டியிலயே ஜாஸ்தி கேக்குறேன்.”

ஒருநாள் அழைப்பு வந்து பாதி ஆட்டத்தில் ஓடினார். சிதம்பரம் ரோட்டில் பைக்கில் போனவர்மேல் லாரி ஏறிவிட்டது. திரும்பி வந்தவரின் சட்டையில் ரத்தம் காயவில்லை. விட்ட ஆட்டத்தைத் திறந்து, சத்தத்தை முழுசாக வைத்தார். கோடாலி விழுந்தது. அலறலில் கடையே திடுக்கிட்டது.

“அவரு கடைசிவரைக்கும் கத்தவேயில்ல தம்பி” என்றார்.