நிற்காத வண்டியின் ஹாரன்

சங்ககிரி நெடுஞ்சாலையில் என் வீட்டைக் கடக்கும்போது எங்கள் லாரிகள் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் முதல் லாரியின் டிரைவர்தான் நினைவுக்கு வருவார். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கித் தொடங்கி, ஒரு லாரி வாங்கி, அதைச் சாலை நிறைய லாரிகளாக்கியவன். இந்தப் பக்கத்தில் என்னைப் போல எழுந்தவன் எவன் இருக்கிறான்? ஆனால் அந்த முதல் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் அவர்.

அவர் வீடும் இதே சாலையோரம்தான். லோடு ஏற்றிப் புறப்பட்டால், வீட்டருகே வந்ததும் இரண்டு முறை அடிப்பார். அவர் மனைவி சோற்றுப் போசியோடு ஓடி வருவார். இன்ஜினை அணைக்காமல் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "மெதுவா வா புள்ள, உன்ற போசிய வாங்காம வண்டி நகராது" என்பார். "அக்கற எம்மேலயா, சோத்து மேலயா?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் சிரிப்பேன்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். டிரைவர் கண் மங்கி, ஒரேயடியாக வண்டியை விட்டு இறங்கினார். ஆத்தூரில் இருக்கும் ஒரே மகள் கூட்டிப்போனாள். "சம்பந்தி ஊட்டுல எத்தன நாளைக்குங்க" என்று திரும்பி வந்துவிட்டார். தனிக்கட்டை. என் டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவர் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்க வேண்டும் என்றேன். என் பேச்சைத் தட்ட எவனுக்குத் தைரியம்? அவர் வாசலுக்கு வந்து கை தூக்குவாராம். எந்த முதலாளி செய்வான் இப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பெரியவர் வெளியே வருவதில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். சவரம் செய்யாத முகத்தோடு சுவரைப் பார்த்து நாற்காலியில் இருந்தார். பக்கத்து வீட்டார் கொடுத்த சோறு போசியில் காய்ந்து கிடந்தது.

"ஏனுங்க டிரைவரே, பசங்க ஹாரன் அடிக்கறது காதுல உழுகலீங்களா?"

"உழுகுதுங்க மொதலாளி. வண்டி நிக்குதுன்னு எந்திரிச்சு வாரேன். வாரதுக்குள்ள போயிருது. ஒருத்தனும் நிக்கறதில்லீங்க. அடிக்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

ஹாரனை நிறுத்தச் சொன்னேன். சேலத்தில் மனநல மருத்துவரிடம் காட்டினேன். செலவுக்கு நான் அஞ்சியவன் அல்ல. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், தினமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். எந்த ஊர் லோடுக்கும் ராத்திரியோடு ராத்திரியாக டிரைவர் பிடித்த எனக்கு, அந்த வேலைக்கு ஓர் ஆள் அகப்படவில்லை. நான் போன நாட்களிலும் அவர் சுவர்ப் பக்கமே திரும்பி இருந்தார். அந்த நாற்காலியிலேயே ஒரு நாள் போய்விட்டார்.

இப்போது தொழில் மகன்கள் கையில். அவர்கள் சேலத்தில் இருந்துகொண்டு போனிலேயே லாரிகளை ஓட்டுகிறார்கள். என் மனைவியும் இல்லை. இந்த மாடி வீட்டின் அத்தனை அறைகளுக்கும் நான் ஒருவன்தான். யாரும் சொல்லாமலே, பெரிய முதலாளி என்ற மரியாதைக்கு, டிரைவர் பையன்கள் எனக்கு ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் கேட் வரைக்கும் வேகமாக நடந்து கை தூக்குவேன். லாரியின் முதுகுதான் தெரியும்.

இன்று காலையும் இரண்டு முறை அடித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.