மாப்பிள்ளை ஓட்டிய கார்

ஒரு மாச்சாக்கின் மேல் எட்டு பிரேக் சூக்கள் இரண்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மேல் வரிசையில் இருந்த நான்கும் காரின் முன் சில்லுகளில் கழற்றியவை. அவற்றின் உராயும் பட்டையான லைனிங் பூட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. கீழ் வரிசையில் இருந்தவை பின் சில்லுகளுடையவை. அடுப்பில் மறந்துபோன ரொட்டியைப் போல அந்த நான்கும் கருகி, விளிம்பு உதிர்ந்து கிடந்தன. கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், அவற்றை அப்படி அடுக்கி வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மாமாவைப் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொல்வதற்கு அவர் தந்த அவகாசம் அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு பொய்யைச் சொன்னேன். அதை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. நான் நிந்தவூர்க்காரன், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அப்படிக் கல்முனைக்குடிக்குப் போன எனக்கு மாமா வீட்டில் நடந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நான் எழும்பும்வரை வீட்டில் யாரும் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்கள். மீனின் நடுத்துண்டு எனக்குத்தான். என் கை பட்டுக் கோப்பை உடைந்தால், அதை அந்த இடத்தில் வைத்தது யார் என்று மாமி வீட்டாரைத்தான் ஏசுவா. புது மாப்பிள்ளை பிழை செய்வான் என்ற நினைப்பே அந்த வீட்டில் இல்லை. இரண்டு மாதம் அப்படி இருந்தால் எவனுக்கும் அது பழகிப்போகும். எனக்கு இரண்டு வாரத்திலேயே பழகிவிட்டது.

மாமாவுக்கு நெல் ஆலை இருந்தது. ஆலை முற்றத்தில் ஒரு சாம்பல் நிற மொரிஸ் மைனர் கார் நின்றது. எனக்கு லைசன் இருக்கிறது என்று தெரிந்ததும் கார்த் திறப்பைத் தூக்கி என் கையில் தந்துவிட்டார். லைசன் இருந்தது உண்மை. ஓட்டிப் பழக்கம் இருந்தது என்று சொல்லமுடியாது. அந்தக் காரின் கைப்பிரேக் பல வருடமாக வேலை செய்யவில்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் செத்துக் கிடந்தது. மேடு பள்ளம் இல்லாத எங்கள் கரையில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை. காரை நிறுத்தினால் சில்லுக்கு ஒரு அரைச் செங்கல்லை அண்டை கொடுப்பார்கள். நானோ, காரோட்டப் படிப்பித்தவர் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு முறையும் கைப்பிரேக்கை இழுத்துவிடுவேன். அது பிடிக்காது. விடுவிக்க மறந்தாலும் கார் ஓடும். இழுப்பதில் எனக்கிருந்த ஒழுங்கு விடுவிப்பதில் இல்லாமல் போனது அப்படித்தான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று மாமா காரைக் கராஜுக்கு அனுப்பினார். பாஸுக்கு நாற்பது வயதிருக்கும். சாய்ந்தமருதுக்காரர். வாடகைக்கு ஓடும் ஹையர் கார்க்காரர்கள் எல்லோரும் பிரேக் வேலைக்கு அவரிடம்தான் போவார்கள். அவர் கேட்காமலே கைப்பிரேக்குக்கும் புதுக் கம்பி போட்டுவிட்டார். செத்துக் கிடக்கிற சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாதாம். காரைக் கொண்டுவந்து விட்டபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாஸ்டர், கைப்பிரேக் இப்ப நல்லாப் பிடிக்கும். எடுக்கக்குள்ள கவனமா விட்டுட்டு எடுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் பாஸ்" என்றேன். எனக்குத் தெரியும் என்பது அந்த நாட்களில் என் வாயில் எப்போதும் தயாராக இருந்த சொல்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கரைப்பற்றில் மாமியின் தங்கை வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. நான் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரும் பார்க்கும்படி கைப்பிரேக்கை இழுத்தேன். செங்கல்லை எடுத்து வந்த மாமாவிடம், இனி இது தேவையில்லை என்று சொல்லி அதைக் காலால் ஒதுக்கிவிட்டேன். மாமியும், மனைவியின் சகோதரிகளான இரண்டு மச்சிமாரும் பின்னால் ஏறினார்கள். மனைவி என் பக்கத்தில் இருந்தாள். மாமா கையசைக்க, அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க, நான் புறப்பட்டேன். இப்போதைய கார்களில் கைப்பிரேக் இழுத்தபடி இருந்தால் முன்னுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். அந்தக் காரில் அப்படி ஒன்றும் இல்லை.

கார் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. பின்னால் மூன்று பேர், அதுவும் மாமி நல்ல பாரம், அதுதான் என்று நினைத்தேன். காரைதீவைத் தாண்டும்போது எரியும் மணம் வந்தது. நெல் வெட்டு முடிந்த காலம், வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று மனைவிக்கு விளக்கம் வேறு சொன்னேன். நிந்தவூருக்கு அப்பால், இரண்டு பக்கமும் வயல் இருக்கிற இடத்தில் மச்சி ஒருத்தி "அல்லாஹ்வே, புகை!" என்று கத்தினாள். பின் சில்லு இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. காரை ஓரம் கட்டிவிட்டுக் கையைக் கீழே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. பிரேக் தண்டு மேலே நின்றது. பின்னால் இருந்தவர்கள் அலறியடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமில்லாமல் அதைக் கீழே அமர்த்தினேன். நிமிர்ந்தபோது மனைவி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.

அத்தோடு விட்டேனா? வாய்க்காலில் தண்ணீர் அள்ளிவந்து சில்லுக்குள் கொதிக்கிற பிரேக் ட்றம்மில் ஊற்றினேன். டக் என்று ஒரு சத்தம். இரும்பு வெடித்துவிட்டது. பெண்கள் வெயிலில் நிற்க, வயலுக்கு வந்த உழவு மெஷின் ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி, வந்த வழியே காரை இழுத்துக்கொண்டு போனோம். நிந்தவூரில் என்னோடு படித்தவர்கள் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். அந்த வழி முழுக்க நான் யோசித்தது மாமியின் பயத்தைப் பற்றி அல்ல, காரைப் பற்றியும் அல்ல. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான்.

அடுத்த நாள் கராஜில்தான் அந்தச் சாக்கும் பிரேக் சூக்களும். "என்ன நடந்த?" என்று மாமா கேட்டார்.

"பின்சில்லு ரெண்டும் மட்டும்தான் எரிஞ்சிரிக்கி முதலாளி" என்றார் பாஸ். கைப்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். வேலை தெரிந்தவனுக்கு அந்த ஒரு வசனம் போதும். மாமாவுக்கு வேலை தெரியாது. பாஸ் என்னைப் பார்த்தார்.

"பாஸ் பின் பிரேக்கைக் கூடுதலா இறுக்கிப் பூட்டியிருப்பார் போல மாமா" என்றேன்.

புது மாப்பிள்ளை ஒருவனை அவன் மாமாவுக்கு முன்னால் பொய்யன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "சரி முதலாளி, நான் செஞ்சி தாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாஸ் குனிந்தார். புது லைனிங் வைத்து றிவிட் அடித்தார். உருகிப்போன றப்பர்களை மாற்றினார். வெடித்த ட்றம்முக்குப் பதில் சம்மாந்துறையில் கிடந்த ஒரு பழைய காரிலிருந்து வேறொன்று கழற்றி வந்து பூட்டினார். என் பிழையை ஒரு கிழமை இருந்து திருத்தினார். அவர் பேசாமல் திருத்தியதையே குற்றத்தை ஒத்துக்கொண்டதாக மாமா எடுத்துக்கொண்டார்.

மாமா கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பயந்து போயிருந்தார். பள்ளிவாசலிலும் ஆலையிலும் கண்டவர்களிடம் எல்லாம், "அவன் பூட்டின பிரேக்கால என்ட பொஞ்சாதி புள்ளயெல்லாம் மௌத்தாகப் பாத்த" என்று, சாவு வீடாகவே ஆகியிருக்கும் என்பது போலச் சொன்னார். முதலாளி சொன்னால் ஊர் கேட்கும். ஹையர் கார்கள் ஒவ்வொன்றாக வேறு கராஜுக்குப் போகத் தொடங்கின. இரண்டு வருடத்தில் பாஸின் கராஜில் கார் நிற்பதில்லை. தண்ணீர் பம்பும் சைக்கிளும் திருத்திக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி அதுதான். வேறு ஒழுங்கையால் போகப் பழகினேன். மனைவி ஒரே ஒரு தடவை, "வாப்பாட்டச் சொல்லுங்களன்" என்றாள். பிறகு சொல்வோம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆறேழு வருடம் கழித்து மாமா ஹஜ்ஜுக்குப் போகத் தயாரானார். போகிறவர் தான் மனம் நோகச் செய்தவர்களைத் தேடிப்போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். அவரை வீடு வீடாகக் கூட்டிப்போனது நான்தான். கடைசியாக, "அந்தக் கராஜ்காரனிட்டயும் போவம்" என்றார். நான் காரை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"உன்னப் பத்தி நாலு இடத்தில கதைச்சிரிக்கன். மனசில ஒண்டும் வெச்சிக்காத. பொறுத்துக்க" என்று பாஸின் கையைப் பிடித்தார் மாமா.

பாஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். "உங்கட பங்க நான் பொறுத்துட்டன் முதலாளி. நல்லபடியா பெய்த்து வாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமாவிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயணம் போகிற மனிதரின் மனதைக் கலக்கக்கூடாது என்று ஒரு சாட்டு எனக்கு உடனே கிடைத்தது. சாட்டுக்கு எனக்கு எப்போதும் பஞ்சம் வந்ததில்லை.

மாமா புறப்பட்டுப் போன பிறகு தனியாகக் கராஜுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன், பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பாஸ் பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத்தான் அது தெரியுமே மாஸ்டர். தெரியாத ஆக்களிட்டப் பெய்த்துச் சொல்லுங்க."

எதிரே தேத்தண்ணிக் கடையில் ஹையர் கார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நேரே அங்கே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிரேக்கை விடாமல் ஓட்டியது, தண்ணீர் ஊற்றியது, மாமாவிடம் சொன்ன பொய், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு வயதில் மூத்த ஒருவர் எழும்பி எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"மாஸ்டருக்குப் பெரிய மனசு. அவன்ட பொழப்புக்காகத் தன்ட தலையில போட்டுக்கிறார்."

இல்லை, உண்மைதான் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் என்னை இன்னும் மெச்சினார்கள். தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். ஒரு காரும் பாஸிடம் திரும்பிப் போகவில்லை.

பாஸிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அண்டைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் சிரிச்சிட்டு விட்டிருப்பாங்க மாஸ்டர்" என்றார். அது உண்மை. மாப்பிள்ளைக்குக் கைப்பிரேக் விடத் தெரியாது என்று ஒரு நாள் சிரித்திருப்பார்கள். மறுகிழமை வேறொருவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அந்த ஒரு நாளுக்குப் பயந்து ஒரு மனிதரின் கைத்தொழிலில் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

மாமா ஹாஜியாராகத் திரும்பி வந்ததும் பகல் சாப்பாடு நடந்தது. ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹனில் மாமாவோடு நானும் இருந்தேன். தேத்தண்ணிக் கடைக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "மத்தவன்ட பிழையையும் தன்ட தலையில போட்டுக்கிற மருமகன் எனக்குக் கிடைச்சிரிக்கி" என்று சபைக்குக் கேட்கச் சொன்னார். "இல்ல மாமா, அண்டைக்குக் கைப்பிரேக்க விடாம ஓட்டினது நான்தான்" என்றேன். எல்லோரும் சந்தோசமாகச் சிரித்தார்கள். கறிக் கோப்பையோடு நின்ற மனைவி மட்டும் உள்ளே போய்விட்டாள். மாமா நல்ல இறைச்சித் துண்டாக ஒன்று பார்த்து எடுத்து என் பக்கம் வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.