பாட்டுக்குள் வராத கழிப்பறை

தாகத்தைப் பற்றிய அந்தப் பாடலை நீங்களும் கேட்டிருக்கலாம். உதடு வெடித்த ஒருத்தி, ஒரு வாய்த் தண்ணீருக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பாள். பள்ளிகளில் மழைநீர் சேமிப்பு நிகழ்ச்சிகளுக்கு அதைத்தான் போடுகிறார்கள். திருச்சுழி போகிற பஸ்ஸிலும் கேட்டேன். அந்த ஒருத்தி என் சித்தி. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவள்.

பாடலில் உண்மையானவை: உதடு, வெக்கை, காத்திருப்பு. உண்மையில்லாதவை: வறண்ட கிணறு, காலிக்குடம். சித்திக்குத் தண்ணீர் இருந்தது. மில்லுக்குள்ளேயே குழாய் இருந்தது. அவள்தான் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போவதற்கு சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேட்டால், "இப்பத்தானம்மா போயிட்டு வந்த? உனக்குன்னு தனியா மிஷினை நிப்பாட்டவா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். அதனால் காலையில் வேன் ஏறுவதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவாள். அவள் மட்டுமில்லை, அந்தப் பிரிவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

வருஷக்கணக்கில் அடக்கியதில் சித்தியின் சிறுநீரகம் கெட்டது. அவள் வேலையை விட்டாள். அதே மில்லில் அவள் மகள் சேர்ந்தாள்.

நான் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மில் பெண்களைப் பற்றிப் பாட்டுக் கட்ட ஒரு பாடகர் ஊருக்கு வந்தபோது நானும் மைக்கோடு வந்தேன். சித்தி பேசச் சம்மதித்தது ஒரே ஒரு காரணத்துக்காக.

"ஏன் தம்பி, இதையெல்லாம் பாட்டுல சொல்லுவீகளா?" என்று பாடகரிடம் கேட்டாள்.

"அதுக்குத்தானக்கா வந்திருக்கோம்."

"அப்ப கக்கூஸை விட்றாதீக. எங்கதைய விட்டாலும் அதை விட்றாதீக. எம்மக அங்கதான் நிக்குறா."

மகளுக்கு வெட்கமாகப் போயிற்று. "கக்கூஸுன்னு பாடுனா யாரும்மா கேப்பா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுக் கேக்கட்டும்டி."

பாடகர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது.

முதல் வடிவத்தில் அந்த வரி இருந்தது. பாடலை வெளியிடுபவர்கள் கேட்டுவிட்டு, ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்றார்கள். தாகம் என்றால் எல்லா ஊருக்கும் பொருந்துமாம். பாடகர் வாதாடிப் பார்த்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கழிப்பறை போய் அந்த இடத்தில் கிணறு வந்தது. பாடல் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு, எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மில்லிலேயே அந்தப் பாடலைப் போட்டார்களாம். சித்தி மகள்தான் வந்து சொன்னாள். "தண்ணியோட அருமைய எப்படிப் பாடியிருக்காரு பாருங்கன்னு சூப்பர்வைசரு சொல்றாரும்மா. ரெண்டாந்தரமும் போடச் சொன்னாரு."

சித்தி வேறொன்றைத்தான் கேட்டாள். "கக்கூஸுக்கு விட்டாகளா?"

"அன்னிக்கு மிஷின் ஓடலைல்ல. எல்லாரும் போனோம்."

இப்போது சித்திக்கு டயாலிசிஸ் நடக்கிறது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயில் நாளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்கிறாள். ஒருநாள் நான் அவளை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது டிரைவர் அந்தப் பாடலைப் போட்டார். சித்தி கடைசிவரை கேட்டாள். "இப்பத்தாண்டி இந்தப் பாட்டு எனக்குச் சரியா வருது" என்றாள்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சித்தி சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"ஒரு மடக்காச்சும் குடிச்சிட்டுப் போத்தா."

"வந்து குடிச்சுக்கிறேம்மா. வேன் வந்துரும்."

"நானும் இப்படித்தாண்டி சொன்னேன்."

"தெரியும்மா," என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள். வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

சித்தி சொம்போடு வாசலில் நின்றாள். அவ்வளவு தண்ணீரை அவளும் குடிக்கக் கூடாது. நான் வாங்கிக் குடித்தேன்.